உளப்பகுப்பாய்வா, நரம்பு உளவியலா: முதல் பாடப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் வழி

மனதைப் பற்றி முறையாகப் படிக்க வேண்டும் என்று நூலகத்துக்குள் போனால், உளப்பகுப்பாய்வுப் புத்தகங்களும் நரம்பு உளவியல் புத்தகங்களும் அடுத்தடுத்த அலமாரிகளில் நிற்கும். பின்னட்டையைப் புரட்டினால் மனித மனத்தைப் புரிய வைப்பதாகவே இரண்டும் சொல்லும். உள்ளே போனால் இரண்டும் வேறு வேறு உலகம். ஒன்று, ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் வருடக்கணக்கில் கேட்டு எழுதியது. மற்றது, மூளையில் எந்த இடம் பழுதானால் எந்தத் திறன் போகிறது என்று சோதித்து எழுதியது.

எதை வாங்குவது, எந்தப் பதிப்பு, எந்த வரிசையில் படிப்பது என்று சொல்ல ஆள் இல்லாமல், தட்டுத் தடுமாறித்தான் எனக்கு இந்த வழி பிடிபட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். முதுகலை உளவியலில் சேர்ந்திருப்பவர்கள், ஆலோசனைப் பணிக்குத் தயாராகிறவர்கள், சொந்த ஆர்வத்தில் படிக்க நினைக்கிறவர்கள் எல்லாருக்கும் கீழே உள்ள படிகள் பொருந்தும்.

1. புத்தகத்துக்கு முன்னால் கேள்வி

ஒரு தாளை எடுத்து, இந்தப் புத்தகத்தை முடித்ததும் உங்களுக்கு எதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். கடைக்கோ நூலகத்துக்கோ போவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். புத்தகத்தைக் கையில் எடுத்த பிறகு எழுதினால் அதன் அட்டைதான் உங்களுக்காகக் கேள்வி எழுதும்.

தன்னைக் காயப்படுத்தும் உறவையே ஒருவர் திரும்பத் திரும்பத் தேடிப் போவது ஏன் என்று எழுதியிருந்தால், நீங்கள் போக வேண்டியது உளப்பகுப்பாய்வு அலமாரிக்கு. பக்கவாதம் வந்தவருக்கு நாம் பேசுவது புரிகிறது, பதில் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை, அது எப்படி என்று எழுதியிருந்தால் நரம்பு உளவியல்.

சிக்கல் வருவது நடுவில் நிற்கும் கேள்விகளில். "கனவு ஏன் வருகிறது?" என்பது அப்படி ஒன்று. இந்தக் கனவுக்கும் என் வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா, தூக்கத்தில் மூளையின் எந்தப் பகுதிகள் வேலை செய்கின்றன என்று கேட்கிறீர்களா? இரண்டில் எது என்று தெளிவாகும்வரை வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள். அதற்குச் செலவாகும் அரை மணி நேரம், பிறகு தவறான புத்தகத்தில் செலவாகும் மாதங்களை மிச்சப்படுத்தும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இப்போது மனநலச் சிக்கலோ நினைவுக் குறைபாடோ இருந்தால், முதலில் மருத்துவரிடமோ மனநல நிபுணரிடமோ போங்கள். இரண்டு துறைப் பாடப் புத்தகங்களும் சிகிச்சைக் கையேடு ஆகாது.

2. தேடத் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

படிப்பில் சேர்ந்திருப்பவர் என்றால் நடப்பு ஆண்டின் பாடத்திட்டம் வேண்டும். அதில் கட்டாய நூல், பரிந்துரை நூல் என்று இரண்டு பட்டியல் இருக்கும். கட்டாயப் பட்டியலில் உள்ளதை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பரிந்துரைப் பட்டியல் பல ஆண்டுகளாகத் தொடாமல் கிடப்பதும் உண்டு. கடந்த சில ஆண்டு வினாத்தாள்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. எந்தப் புத்தகத்தின் சொற்களில் கேள்வி கேட்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஐஎஸ்பிஎன் எண், பதிப்பு எண், மொழிபெயர்ப்பாளர் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். தலைப்பை மட்டும் வைத்துத் தேடினால் சுருக்கப் பதிப்பு, பழைய பதிப்பு, துணை நூல் எல்லாம் கலந்து வரும். நூலக உறுப்பினர் அட்டை தயாராக இருக்கட்டும். உங்கள் நூலகத்தில் இல்லாத நூலை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் வசதி உண்டா என்று விசாரியுங்கள். பல இடங்களில் அதற்கு மாணவர் அடையாள அட்டையோ துறையின் கடிதமோ கேட்பார்கள். நூல் வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், தேர்வுக்கு முந்தைய மாதத்தில் விண்ணப்பித்துப் பயனில்லை.

3. ஒரே நோயாளியை இரண்டு புத்தகத்திலும் தேடுங்கள்

எந்தத் துறை உங்களுக்குப் பொருந்தும் என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. ஒரு நிலையை எடுத்துக்கொண்டு, அதை இரண்டு பக்கமும் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் படியுங்கள்.

நான் சிபாரிசு செய்வது அனோசாக்னோசியா. வலது மூளை அரைக்கோளத்தில், குறிப்பாக மூளையின் உச்சி மடல் (பரைட்டல்) பகுதியைத் தொட்டுப் பக்கவாதம் வந்த சிலருக்கு இடது கை அசையாது. ஆனால் கை அசையவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது. கையைத் தூக்கச் சொன்னால் தூக்கிவிட்டதாகச் சொல்வார்கள். தூக்கவில்லையே என்றால், அசதியாக இருக்கிறது, மூட்டு வலிக்கிறது என்பார்கள். அது தன் கையே இல்லை, வேறு யாருடையதோ என்று சொல்கிறவர்களும் உண்டு.

நரம்பு உளவியல் புத்தகத்தில் இது எப்படி வரும்? முதலில் பழுதின் இடம், ஸ்கேன் படம். அப்புறம் சோதனைகள்: கடிகாரம் வரையச் சொன்னால் எல்லா எண்களையும் வலது பாதியில் நெருக்கி எழுதுகிறாரா, ஒரு கோட்டின் நடுவைக் குறிக்கச் சொன்னால் குறி வலப்பக்கம் நகர்கிறதா என்று பார்ப்பார்கள். இடது காதில் குளிர்ந்த நீரைச் செலுத்தியபோது சில நோயாளிகளுக்குச் சற்று நேரம் மட்டும் தன் கை செயலற்றது என்ற உணர்வு திரும்பி, பிறகு மறைந்துவிட்டது என்ற ஆய்வையும் காணலாம். உடலைக் கண்காணிக்கும் மூளை அமைப்பு எது, அது எப்படித் தவறுகிறது என்பதில்தான் அந்த அத்தியாயத்தின் அக்கறை.

உளப்பகுப்பாய்வுப் பக்கம் வாருங்கள். காரென் காப்லான்-சோல்ம்ஸ், மார்க் சோல்ம்ஸ் இருவரும் 2000-இல் வெளியிட்ட மருத்துவ ஆய்வு நூலில் வலது அரைக்கோளம் பாதித்தவர்களை உளப்பகுப்பாய்வு அமர்வுகளில் சந்தித்ததை எழுதியிருக்கிறார்கள். கையைப் பற்றிக் கவலையே இல்லாதவர்போல் இருந்தவர் வேறு எதையோ பேசும்போது திடீரென உடைந்து அழுகிறார். இழப்பு தெரியாமல் இல்லை, அதைத் தாங்க முடியாமல் மனம் அதை வெளியே நிறுத்தியிருக்கிறது என்பது அவர்களின் வாசிப்பு.

இரண்டையும் படித்து முடித்ததும் உங்களுக்கு அடுத்து எழும் கேள்வியைக் கவனியுங்கள். எத்தனை பேரிடம் சோதித்தார்கள், இடது அரைக்கோளம் பாதித்தவர்களுக்கும் இப்படி வருமா என்று தோன்றினால் நரம்பு உளவியலில் தொடங்குங்கள். அந்த மனிதர் எதைப் பேசும்போது அழுதார் என்று தோன்றினால் உளப்பகுப்பாய்வில் தொடங்குங்கள். இரண்டு கேள்வியுமே நல்ல கேள்விதான். ஆனால் முதல் ஆறு மாதத்தை எதில் கழிக்கலாம் என்பதற்கு உங்கள் மனமே விடை சொல்லிவிடும்.

4. பதிப்பு ஆண்டைப் பாருங்கள், ஆனால் இரண்டு துறைக்கும் ஒரே கண்ணால் அல்ல

புதியவர்கள் பணத்தை அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். இரண்டு துறைப் புத்தகங்களும் வயதாகும் விதமே வேறு.

நரம்பு உளவியல் பாடநூல் சீக்கிரம் பழசாகிவிடும். மூளைப் படமெடுப்பு முறைகள் மாறுகின்றன, நோய் வகைப்பாடு மாறுகிறது, சோதனைகள் புதுப்பிக்கப்படுகின்றன. மனநோய் வகைப்பாட்டுக் கையேடான டிஎஸ்எம்-5 வந்த 2013-க்கு முந்தைய நூலில், முதுமை மறதி பற்றிய அத்தியாயம் பழைய வகைப்பாட்டையே பின்பற்றும். வெக்ஸ்லர் வயதுவந்தோர் நுண்ணறிவுச் சோதனையின் நான்காம் பதிப்பு 2008-இலும் ஐந்தாம் பதிப்பு 2024-இலும் வந்தன. பழையதை விளக்கும் நூலை வைத்துப் புதியதைப் படிக்க முடியாது. ஆகவே இங்கே கடைசிப் பதிப்பு, அது கட்டுப்படியாகாவிட்டால் அதற்கு முந்தைய பதிப்பு. அதற்கும் கீழே இறங்க வேண்டாம்.

உளப்பகுப்பாய்வில் மூல நூல்கள் அப்படிப் பழசாவதில்லை. அங்கே பார்க்க வேண்டியது, எந்த மொழிபெயர்ப்பு, எந்த மூலப் பதிப்பிலிருந்து என்பது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டின் கனவு விளக்க நூலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1900 என்று அச்சிட்டு 1899 இறுதியில் வந்த நூல் அது. அதற்குப் பிறகு பல பதிப்புகளில் அவர் பக்கம் பக்கமாகச் சேர்த்துக்கொண்டே போனார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரில்லின் 1913 ஆங்கில மொழிபெயர்ப்பு, மூன்றாம் ஜெர்மன் பதிப்பிலிருந்து செய்தது. பின்னால் சேர்த்தவை அதில் இருக்காது. ஸ்ட்ரேச்சியின் மொழிபெயர்ப்பு எட்டாம் பதிப்பைப் பின்பற்றி, எந்தப் பத்தி எந்த ஆண்டில் சேர்ந்தது என்ற குறிப்போடு வருகிறது. மேலோட்டமாகப் படிக்கப் பிரில் போதும். மேற்கோள் காட்டிக் கட்டுரை எழுதப் போகிறீர்கள் என்றால் ஸ்ட்ரேச்சிதான் வேண்டும்.

ஃபிராய்டின் உளவியல் எழுத்துகளை ஆங்கிலத்தில் ஸ்ட்ரேச்சி தொகுத்த ஸ்டாண்டர்ட் எடிஷன் 24 தொகுதிகள். இதிலும் ஒரு பொறி உண்டு. கனவு விளக்க நூல் 4, 5 என்று இரண்டு தொகுதிகளில் பிரிந்து கிடக்கிறது. அறிமுக விரிவுரைகள் 15, 16. பழைய புத்தகக் கடையில் ஒரு தொகுதி மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால் பாதி நூல்தான் கையில் இருக்கும். மார்க் சோல்ம்ஸ் திருத்திய புதிய பதிப்பு 2024-இல் வந்துவிட்டது. அதற்காகப் பழையதை ஒதுக்க வேண்டாம். உங்கள் ஆசிரியர் எதன் பக்க எண்ணைப் பயன்படுத்துகிறாரோ அதையே நீங்களும் பயன்படுத்துங்கள்.

வாங்குமுன் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். பதிப்பு ஆண்டும் மறு அச்சு ஆண்டும் தனித்தனியாக இருக்கும். சென்ற ஆண்டு அச்சானது என்பதால் அது புதிய பதிப்பு ஆகிவிடாது.

5. எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்

உளப்பகுப்பாய்வில் என் சிபாரிசு ஃபிராய்டின் அறிமுக விரிவுரைகள். 1915 முதல் 1917 வரை வியன்னா பல்கலைக்கழகத்தில் பேசியவை, மொத்தம் 28. வாய் தவறிப் பேசுவதில் தொடங்கி, கனவுக்குப் போய், அப்புறம்தான் நியூரோசிஸ் எனப்படும் மனப்போராட்ட நோய்களுக்கு வருகிறார். கேட்பவர்களின் சந்தேகங்களை அவரே எழுப்பி அவரே பதில் சொல்வதால், தனியாகப் படிப்பவருக்கும் வழி தவறாது. அதோடு நிறுத்திவிடக் கூடாது. ஃபிராய்டுக்குப் பிறகு துறை எங்கெல்லாம் போனது என்று அறிய ஸ்டீபன் மிச்செல், மார்கரெட் பிளாக் எழுதிய "ஃபிராய்ட் அண்ட் பியாண்ட்" (1995) உதவும். கிளைன், வின்னிகாட், பயோன் என்று பின்னால் வந்த உளப்பகுப்பாய்வாளர்கள் எல்லாரையும் அளவோடு அறிமுகப்படுத்துகிறது. ஆலோசனைப் பணிக்கு வருகிறவர்களுக்கு நான்சி மெக்வில்லியம்ஸின் "சைக்கோஅனலிடிக் டயக்னோசிஸ்" இரண்டாம் பதிப்பு (2011). பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அகராதியாக லாப்லான்ஷ், பொன்டாலிஸ் எழுதியது. பிரெஞ்சில் 1967-இலும் ஆங்கிலத்தில் 1973-இலும் வந்தது. பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கானை மட்டும் முதல் ஆண்டில் தொடாதீர்கள். ஃபிராய்டை நன்றாக அறிந்தவர்களிடம் பேசுவதுபோல் எழுதியவர் அவர்.

நரம்பு உளவியலில் பிரயான் கோல்ப், இயன் விஷா எழுதிய "ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் ஹியூமன் நியூரோசைக்காலஜி" தொடக்கத்துக்குப் பொருத்தமானது. 1980-இல் முதல் பதிப்பு, 2021-இல் எட்டாம் பதிப்பு. கூடவே லூரியாவின் "தி வொர்க்கிங் பிரெய்ன்" (1973) படியுங்கள். பழைய நூல் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விலக்கு. தகவலுக்காக அதைப் படிப்பதில்லை. ஒரு நோயாளியின் தவறுகளை வைத்து, எந்தப் படியில் வேலை நின்றுபோகிறது என்று யோசிக்கக் கற்றுக்கொடுப்பதில் அதற்கு இணை குறைவு.

இரண்டு பெரிய புத்தகங்களைப் பற்றி எச்சரிக்க வேண்டும். கேண்டலும் மற்றவர்களும் தொகுத்த "பிரின்சிபிள்ஸ் ஆஃப் நியூரல் சயின்ஸ்" 1,600 பக்கங்களைத் தாண்டும். அது நரம்பணு அறிவியல் நூல். நரம்பு உளவியலின் முதல் புத்தகமாக அதை வாங்கினால் அயனிகளிலேயே நின்றுவிடுவீர்கள். லெசாக்கின் "நியூரோசைக்காலஜிக்கல் அசெஸ்மென்ட்" ஐந்தாம் பதிப்பும் (2012) ஆயிரம் பக்கங்களுக்கு மேல். சோதனைகளை எப்படி நடத்துவது, எப்படிப் பொருள் கொள்வது என்பதற்கான நூல் அது. பயிற்சிக்குப் போகும்போது நூலகத்தில் எடுத்துப் பாருங்கள்.

6. செலவு

கெட்டி அட்டை, மென் அட்டை, மின்னூல், வாடகை மின்னூல் என்று ஒரே நூல் நான்கு விலையில் இருக்கும். நரம்பு உளவியல் பாடநூல் புதிதாக வாங்கினால் விலை கூடுதல், அடுத்த பதிப்பு வந்ததும் மறுவிற்பனை மதிப்பு விழுந்துவிடும். எனவே அதை நூலகத்தில் எடுப்பதோ, ஒரு பருவத்துக்கு வாடகைக்கு எடுப்பதோ நல்லது. உளப்பகுப்பாய்வு மூல நூல்களை மென் அட்டையில் சொந்தமாக வாங்கிவிடுங்கள். அவை பல ஆண்டுகள் கூட வரும், ஓரத்தில் எழுதி எழுதித்தான் படிக்க வேண்டியிருக்கும்.

பழைய புத்தகம் வாங்கும்போது இணையப் பயிற்சிக்கான குறியீடு சேர்ந்திருப்பதாகச் சொன்னால் அதை நம்பி விலை கூட்டாதீர்கள். அந்தக் குறியீடு பெரும்பாலும் ஒருமுறைதான் வேலை செய்யும். ஒரு குறிப்பிட்ட கல்லூரிக்காகச் சுருக்கி அச்சிட்ட பதிப்புகளில் அத்தியாயங்கள் விடுபட்டிருக்கும், பக்க எண்ணும் மாறியிருக்கும்.

சோதனைகளைத் தொகுத்து விளக்கும் நூல்களை வாங்கினால் சோதனைத் தாள்களும் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. வெக்ஸ்லர் போன்றவற்றைப் பதிப்பகங்கள் தகுதிச் சான்று உள்ளவர்களுக்கு மட்டுமே விற்கின்றன. அந்த நூல்களில் உள்ள மதிப்பெண் அட்டவணைகளும் குறிப்பிட்ட மக்கள், வயது, படிப்பு ஆகியவற்றை வைத்துத் தயாரித்தவை. அவற்றைக் கொண்டு வீட்டில் யாரையும் அளக்காதீர்கள்.

7. எவ்வளவு காலம் ஆகும்

அறிமுக விரிவுரை ஒன்றை ஒரே அமர்வில் முடிக்கலாம். வாரத்துக்கு நான்கு என்று வைத்தால் 28-ம் ஏழு வாரத்தில் முடியும். வேகமாகப் போகாதீர்கள். மறுநாள் புத்தகத்தைத் திறக்காமல் அந்த விரிவுரையின் வாதத்தை ஐந்து வரியில் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

நரம்பு உளவியல் நூலுக்கு ஒரு முழுப் பருவம் வேண்டும். அதன் முதல் அத்தியாயங்கள் உடற்கூறு. நிறையப் பேர் அங்கேயே மூடி வைத்துவிடுகிறார்கள். நீங்கள் நினைவு பற்றிய அத்தியாயத்தில் தொடங்குங்கள். அங்கே எச்.எம். என்ற நோயாளி வருவார். வலிப்பைக் குறைக்க 1953-இல் செய்த அறுவையில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் கணிசமான அளவை இரண்டு பக்கமும் அகற்றினார்கள். புதிதாக எதுவும் நினைவில் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தபோது நாளுக்கு நாள் கை திருந்தியது. ஒவ்வொரு நாளும் இதை முதல்முறை செய்வதாகவே அவர் நினைத்தார். இதைப் படித்த பிறகு ஹிப்போகாம்பஸ் எங்கே இருக்கிறது என்று தேட உங்களுக்கே தோன்றும். அப்போது உடற்கூறு அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்யாமல், வாரம் ஒருமுறை மூளையின் மடல்களைக் கையால் வரைந்து பெயரிடுங்கள்.

இரண்டு துறையையும் ஒரே வாரத்தில் கலந்து படிக்க வேண்டாம். நினைவு, மறதி போன்ற சொற்கள் இரண்டிலும் வரும், பொருள் ஒன்றாக இருக்காது. குறிப்பேடும் தனித்தனியாக இருக்கட்டும்.

8. இரண்டையும் இணைக்கும் நூல்கள்

நரம்பு உளப்பகுப்பாய்வு என்றொரு துறை இருக்கிறது. அதற்கென ஒரு ஆய்விதழ் 1999-இல் தொடங்கியது. மார்க் சோல்ம்ஸ், ஆலிவர் டர்ன்புல் எழுதிய "தி பிரெய்ன் அண்ட் தி இன்னர் வேர்ல்ட்" (2002) அதற்கு எளிய வாசல். ஒரே புத்தகத்தில் இரண்டும் கிடைக்கிறதே என்று முதலில் இதை வாங்கத் தோன்றும். மூன்றாவதாக வாங்குங்கள். அதில் சொல்லும் இணைப்புகளில் எது உறுதியானது, எது ஊகம் என்று எடைபோட, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நூலாவது படித்திருக்க வேண்டும்.

ஃபிராய்டே நரம்பியல் மருத்துவர்தான், 1891-இல் பேச்சிழப்பு பற்றித் தனி நூலே எழுதியவர். அதனால் அவர் சொன்னதையெல்லாம் இன்றைய மூளை ஆய்வு உறுதிசெய்துவிட்டது என்று அட்டையில் எழுதும் நூல்களைத் தள்ளி வையுங்கள். உளப்பகுப்பாய்வு முழுவதும் பொய்த்துப்போனது என்று முன்னுரையிலேயே முடிவு கட்டும் நூல்களும் அதே ரகம். விமர்சனம் படிக்க வேண்டும் என்றால் அடால்ஃப் க்ரூன்பாமின் 1984 நூலைப் படியுங்கள். நோயாளி உளப்பகுப்பாய்வு அமர்வில் சொல்வதை எந்த அளவுக்குச் சான்றாக எடுக்கலாம் என்று வரி வரியாகக் கேட்கிறது. அறிமுக விரிவுரைகளில் குறைந்தது பாதியை முடித்திருந்தால்தான் அவர் எதை எதிர்க்கிறார் என்பது பிடிபடும்.

மூன்றாவது புத்தகத்துக்கு வந்ததும், முதல் படியில் வாக்கியம் எழுதிய தாளை எடுத்து, கேள்வி மாறியிருந்தால் புதிதாக எழுதி, நான்காவது புத்தகத்தை அதை வைத்துத் தேடுங்கள்.